சட்டை போட்ட தீயணைப்பான்கள்

கஞ்சனை உங்களுக்குத் தெரியும். ஊதாரியையும் தெரியும், பெரும்பாலும் மச்சானாக இருப்பார். இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. அவர் தாராளமாக வாங்குவார். நல்லதாகப் பார்த்து, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, முதல் தரமானதாகவே வாங்குவார். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, உறை போட்டு, அலமாரியின் உச்சியில் ஏற்றி வைத்துவிட்டு, பழையதையே பயன்படுத்துவார். அவர்தான் பத்திரக்காரர்.

பத்திரக்காரர் வீட்டுக்கு நீங்கள் கட்டாயம் போயிருப்பீர்கள். கூடத்தில் சோபா இருக்கும். அதன்மேல் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். நம் கெடா மாநில வெயிலில் அதில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், உங்கள் தொடை உங்களோடு வர மறுக்கும். கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் வரிசையாக நிற்கும். விருந்தாளிக்காம்! எந்த விருந்தாளிக்கு? அதற்குத் தகுதியான ஒருவர் இன்னும் அந்த வாசலை மிதிக்கவில்லை. நீங்களும்தான் போனீர்கள், உங்களுக்குத் தேநீர் வந்தது காது உடைந்த கோப்பையில்.

இவர்களுக்கு இரண்டு மந்திரங்கள் உண்டு. யாராவது புதுப் பொருளைத் தொடப் போனால், "இப்ப எதுக்கு?" என்பார்கள். தொட்டேவிட்டால், "சாயாங் லா!" என்பார்கள். ஒரு பொருள் வீணாகிறதே என்று மலாய்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல் அது. பத்திரக்காரர் வாயில் அது, பெற்ற பிள்ளை ஆற்றில் விழுந்துவிட்டதுபோல் ஒலிக்கும்.

வீட்டோடு இருக்கிற வரைக்கும் இவர்களால் தொல்லை ஒன்றுமில்லை, தொடையைத் தவிர. ஆனால் இப்படிப்பட்ட ஒருவரைப் பிடித்து, ஒரு மருத்துவமனையின் தீத்தடுப்புச் சாமான்கள் அத்தனையையும் அவர் பொறுப்பில் விட்டால் என்ன ஆகும்? விட்டார்களே!

சுங்கை லாலாங் பக்கம், செம்பனைத் தோட்டம் முடிந்து கடைவரிசை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை. அதன் கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர் விக்னேஸ்வரன். நல்ல மனிதர், சத்தியமாக நல்ல மனிதர். குழாய் ஒழுகினால் விக்னேஸ்வரன், விளக்கு கண் சிமிட்டினால் விக்னேஸ்வரன், மின்தூக்கி பாதியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் முதலில் கூப்பிடுவது சாமியை, அடுத்தது விக்னேஸ்வரனை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கட்டடத்தை அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். வந்த வினையே அதுதான்.

புதுத் தீயணைப்பான்கள் வந்திறங்கிய நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எட்டுச் சிவப்பு உருளைகள். நம் ஆட்கள் வாயில் 'செவப்பு தோங்.' பளபளவென்று, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தன. விக்னேஸ்வரன் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பிறகு கவலை வந்துவிட்டது. தூசி படியுமே? துடைப்பக்காரர் வாளியால் இடிப்பாரே? சக்கர நாற்காலி உரசுமே?

அன்று சாயங்காலமே மனைவி புஷ்பவள்ளியிடம் முறையிட்டார். அந்த அம்மாள் நைட்டி தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியில் எட்டுச் சட்டைகள் தைத்துக் கொடுத்தார். கழுத்தில் சுருக்கம், இடுப்பில் நாடா, முதுகில் பொத்தான். மறுநாள் முதல் மருத்துவமனையில் மூலைக்கு ஒருத்தியாக, நைட்டி போட்ட குட்டைப் பெண்மணிகள் நிற்கத் தொடங்கினார்கள். ஊசி போட வந்த ஒரு பிள்ளை, "ம்மா, அந்த அக்கா ஏன் செவுத்துக்கிட்டயே நிக்கிறாங்க? அவங்களுக்கும் ஊசியா?" என்று கேட்டது. துணி அழுக்காகிவிடக் கூடாது என்று அந்தச் சட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டார் விக்னேஸ்வரன். உறைக்கு உறை! அதுதான் பத்திரத்தின் உச்சம்.

இன்னும் கேளுங்கள். கூரையில் புகை வந்தால் கத்துகிற வட்டக் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பொருத்தியவர்கள் சாயம் பூசும்போது தூசி போகாமல் இருக்க ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மூடி போட்டு, "வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கழற்றுவாரா? தூசிக்கு முகூர்த்தம் உண்டா என்ன, எப்போதும்தானே விழுகிறது! மூடி மூடியாகவே இருந்தது. அவசரக் கதவுக்கு வெளியே புதிதாகத் தரைக்கல் பதித்திருந்தார்கள். யாராவது சேற்றுச் செருப்போடு மிதித்துவிடுவார்கள் என்று அந்தக் கதவைப் பூட்டிவிட்டார். "அவசரம்னா தொறக்கத்தானே போறேன்? மொதல்ல அவசரம் வரட்டும்லா" என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சியும் அவர்தான் கொடுத்தார். நைட்டி போட்ட ஒன்றை மேசைமேல் நிறுத்திவைத்து, அதைத் தொடாமலே, விரலால் காற்றில் காட்டிப் பாடம் நடக்கும்.

"இங்க ஒரு ஊசி இருக்கு. அத இழுக்கணும். அப்புறம் கைப்பிடிய அழுத்தணும்."

"ஒருக்கா இழுத்துக் காட்டுங்கண்ணே," என்பாள் தாதி உமாராணி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இழுத்தா உள்ள இருக்கிறது வெளிய வந்துரும்மா."

"வெளிய வரத்தானேண்ணே உள்ள வச்சிருக்காங்க?"

"சாயாங் லா!" என்று பதறிப்போய்ச் சட்டையின் நாடாவை இறுக்கிக் கட்டுவார். பிறகு எல்லாரையும் பார்த்து, பயிற்சியின் சாரத்தைச் சொல்லுவார்: "நெருப்பு புடிச்சா யாரும் தோங்ல கை வைக்கக் கூடாது. மொதல்ல எனக்குப் போன் பண்ணணும். ஸ்டோர்ல பழைய தோங் ஒண்ணு இருக்கு, நான் அத எடுத்துட்டு வருவேன். புரிஞ்சுதா?"

புரிந்தது. வேறு எதுவும் மனத்தில் நிற்காவிட்டாலும் இது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த மனிதரை ஒருநாள் நிர்வாகி லோகேஸ்வரி அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்கிறார்கள் என்றாலே விவகாரம் பெரிது.

"அண்ணே, பொம்பாவுல இருந்து தீப் பாதுகாப்புச் சோதனைக்கு வராங்க. சர்டிபிகேட் புதுப்பிக்கணும். இந்த வாட்டி ஏதாச்சும் குறைன்னு சொல்லிட்டா, பராமரிப்பு வேலைய வெளி கம்பெனிக்கே குடுத்துருங்கன்னு மேல சொல்லிட்டாங்க. அவங்க ஆளுங்களையே கூட்டிட்டு வருவாங்க. அப்புறம் உங்க வேலைக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாதுண்ணே."

பொம்பா என்றால் தீயணைப்புத் துறை, அவர்கள் எழுதுவதுதான் முடிவு. இந்த வயதில் வேறு எங்கே போவது? குருண் பக்கத் தொழிற்சாலையில் இளவட்டங்களோடு வரிசையில் நின்று வேலை கேட்பதா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். யாரோ முன்பின் தெரியாதவன் வந்து, கையைக்கூடக் கழுவாமல், அந்த எட்டையும் தொடுவான். சட்டையைக் கழற்றுவான். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புஷ்பவள்ளிதான் வழி சொன்னார். "சோதன வர்ற அன்னிக்குத்தாங்க ஆயுத பூஜ. ஓட்டற காடிக்குப் பொட்டு வைக்கிறோம், தையல் மெஷினுக்கு வைக்கிறோம். நெருப்போட சண்ட போடற சாமானுக்கு வைக்க வேணாமா? ஒரு பூஜையப் போட்டுருங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

நியாயம்தானே? மனைவி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆகவே அன்று காலை, பூட்டிய அவசரக் கதவுக்கு முன்னால், நோயாளிகள் வராத பின்பக்க நடைவழியில், எட்டுத் தீயணைப்பான்களும் வரிசையாக நின்றன. புதுச் சட்டை. புதுப் பிளாஸ்டிக். நெற்றி என்று அவர் முடிவுசெய்த இடத்தில் சந்தனம், குங்குமம். அந்த இடம் உள்ளே காற்றழுத்தம் இருக்கிறதா என்று காட்டுகிற முள்ளின் கண்ணாடியாகப் போய்விட்டது. கழுத்தில் செவ்வந்தி மாலை. ஊசியும் கைப்பிடியும் இருக்கும் இடத்தில் மஞ்சள் கயிறு, மூன்று சுற்று, நல்ல இறுக்கமான முடிச்சு. சமையலறை மருதம்மாள் சுண்டலும், ஒரு பெரிய வாளி நிறையப் பனிக்கட்டி மிதக்கும் இனிப்பான சிவப்புச் சிராப்புத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். தாதிகள் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, சூடம் மட்டும் வேணாமே," என்றார் லோகேஸ்வரி. "ஆஸ்பத்திரிண்ணே."

"சூடம் இல்லாம பூஜையாம்மா? சின்னதா, ஒரே ஒரு துண்டு. அதுவும் நான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் யாருக்குத்தான் தைரியம் வராது! சூடத்தை ஏற்றிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பொம்பா அதிகாரி உள்ளே வந்தார். பெயர் ரவிச்சந்திரன். ஆள் வாட்டசாட்டம், சீருடையில் மடிப்புக் கலையவில்லை. ஒரு மலாய் அதிகாரியோ சீன அதிகாரியோ வந்திருந்தால் வாசலிலேயே நின்று, இது என்ன என்று கேட்டிருப்பார், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். இவர் நம் ஆள். மணிச் சத்தம் காதில் விழுந்ததும் கால் தானாக நின்றது. கனத்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார், காலுறையோடு வந்து, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். தீயைப் பார்த்ததும் பாய வேண்டிய மனிதர் அவர். பூஜைத் தட்டில் எரிந்தால் அது தீ என்று யாருக்குத் தோன்றும்?

விக்னேஸ்வரன் மணியை ஆட்டியபடி, முதல் தீயணைப்பானுக்குத் தட்டைச் சுற்றினார். வேலை போய்விடக் கூடாது சாமி என்று மனமுருகி வேண்டினார். உருகியது அவர் மனம் மட்டுமில்லை. பிளாஸ்டிக் உறை சுருங்கியது, கமறலாக ஒரு நாற்றம் அடித்தது, கழுத்துச் சுருக்கத்தில் குபுக்கென்று பற்றிக்கொண்டது. மருதம்மாள் பக்தியோடு ஒரு எட்டு முன்னால் வந்து, எரிகிற தீயணைப்பானுக்கு மேல் இரண்டு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இரண்டு தாதிகளும் ஒற்றிக்கொண்டார்கள்.

ரவிச்சந்திரன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அண்ணே, எரியுது."

"ஆமா சார். தீபாராதனை."

"இல்லண்ணே, தோங் எரியுது!"

அதற்குள் பக்கத்துச் சட்டைக்கும் தாவிவிட்டது. "பாத்துட்டு நிக்கிறீங்களே! அந்தப் பக்கம் இருக்கிற தோங்க எடுத்து அடிங்க!" என்று கத்தினார் அதிகாரி. ஒருவர்கூட அசையவில்லை. பயிற்சி பெற்றவர்கள் ஆயிற்றே! உமாராணி மட்டும் பரபரவென்று கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். விக்னேஸ்வரனின் சட்டைப் பையில் மணி அடித்தது. பூஜை மணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ?"

"அண்ணே, நெருப்பு."

"எங்கம்மா?"

"உங்களுக்கு முன்னாடிண்ணே."

ரவிச்சந்திரன் தலையில் அடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்ற ஒன்றைப் பிடித்து இழுத்தார். பிளாஸ்டிக்கைக் கிழித்தார். பொத்தான் வரவில்லை, புஷ்பவள்ளி தைத்தால் உயிர் போனாலும் தையல் போகாது. மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்தார். "சார், சார், அது புதுசு! இருங்க, பழசு இருக்கு, இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே விக்னேஸ்வரன் ஓடினார். நல்ல தீயணைப்பான்களை எல்லாம் தாண்டி, நடைவழியின் அந்தக் கோடிக்கு ஓடி, ஸ்டோரைத் திறந்து, பழையதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஊசியை இழுத்தார். அழுத்தினார். "ப்ச்" என்று ஒரு சத்தம். குழந்தைக்குப் பூசுகிற அளவுக்கு ஒரு சிட்டிகை மாவு விழுந்தது. அவ்வளவுதான்.

மருதம்மாள் ஆளை ஆளைப் பார்த்தார். பிறகு சிராப்பு வாளியைத் தூக்கி, "நவுந்துக்குங்க சாமிகளா!" என்று சொல்லி, மொத்தத்தையும் கவிழ்த்தார்.

அணைந்துவிட்டது. பனிக்கட்டிகள் கடகடவென்று தரையில் ஓடின. நைட்டிகள் பாதி கருகி, மாலை வாடி, தீயணைப்பான்கள் எல்லாம் சிவப்பாகச் சொட்டிக்கொண்டு நின்றன. அதிகாரியின் வெள்ளைக் காலுறை இளஞ்சிவப்பாகிவிட்டது.

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். "இவ்ளோ பொகைக்கும் அது ஏன் கத்தல?"

"மூடி போட்டிருக்கு சார். தூசி படியும்ல."

"சரி. இந்தக் கதவத் தொறங்க, பொக போகட்டும்."

விக்னேஸ்வரன் இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவினார். பிறகு தரையைப் பார்த்தார். "அந்தச் சாவி வீட்ல இருக்கு சார். தொலஞ்சிரும்னு பத்திரமா வச்சிருக்கேன்."

லோகேஸ்வரியின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "இத்தன வருஷமா ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டேன் சார். ஒரு கீறல்!"

"அதாண்ணே கஷ்டமா இருக்கு," என்றார் ரவிச்சந்திரன். அவருக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. குங்குமத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றின் முள்ளையும் பார்த்தார். எல்லாம் பச்சையில் நின்றன. "சாமான் எல்லாம் முதல் தரம். உங்ககிட்டருந்துதான் அதக் காப்பாத்தணும் போலருக்கு. எல்லாத்தையும் கார் பார்க்குக்குக் கொண்டாங்க. சட்டையக் கழட்டுங்க. எல்லாரும் பாக்க, உங்க கையால ஒண்ண இழுத்து அடிங்க. அடிச்சீங்கன்னா, மத்ததையெல்லாம் சரிபண்ண டைம் குடுத்துட்டு மறுபடி வர்றேன். இல்லன்னா இப்பவே குறைன்னு எழுதிட்டுப் போயிருவேன்."

வெட்டவெளியில், வெயிலில், எட்டும் பிறந்தமேனியாய் நின்றன. விக்னேஸ்வரன் அவற்றில் மிகவும் கருகிப்போன ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அப்போதும் நல்லதைத் தொட மனம் வரவில்லை பாருங்கள். ஊசியில் விரலை மாட்டினார். எடுத்தார். மறுபடியும் மாட்டினார். "இழுங்கண்ணே!" என்றாள் உமாராணி. "வேல போயிரும்ணே, இழுங்க!" வேலையை நினைத்தார். புஷ்பவள்ளியை நினைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்து, அழுத்தினார்.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் பாய்ந்தது. கையில் ஓர் உதறல், உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. விக்னேஸ்வரன் கண்ணைத் திறந்தார். வாயும் திறந்தது. "அடியாத்தி!" என்றார். இது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இத்தனை வருடமாக ஒருவரும் அவரிடம் சொல்லவில்லையே!

ரவிச்சந்திரனுக்கு நிம்மதி. காலில் ஒட்டியிருந்த சிராப்பைக் கழுவக் குழாயடிக்குப் போனார். கழுவி, காலுறையைப் பிழிந்து, திரும்பி வந்து பார்க்கிறார்: கார் நிறுத்துமிடத்தைக் காணோம். எங்கும் வெள்ளைப் புகை. உள்ளேயிருந்து கும்மாளச் சத்தம். உமாராணி ஒன்றை அடித்துக்கொண்டிருக்கிறாள், மருதம்மாள் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துப் பக்கமாகக் குறிவைக்கிறார், நிர்வாகி லோகேஸ்வரி மூக்கு நுனியில் மாவோடு நின்று, "எனக்கு இன்னொண்ணு இருக்காண்ணே?" என்கிறார். நடுவில் விக்னேஸ்வரன், தலை முதல் கால் வரை வெள்ளையாக, கடைசித் தீயணைப்பானைக் குலுக்கிப் பார்க்கிறார்.

"அண்ணே! ஒண்ணுதானே அடிக்கச் சொன்னேன்! மத்ததெல்லாம்?"

"கோசோங் சார்!" என்றார் விக்னேஸ்வரன், பல்லெல்லாம் தெரிய. "எல்லாம் காலி!"

ரவிச்சந்திரன் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரிண்ணே. காலைல வரைக்கும் இங்க ஒருத்தருக்கும் அடிக்கத் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியுது. தோங்க எல்லாம் ரொப்பி வைங்க. மூடியக் கழட்டுங்க, கதவுப் பூட்டத் தூக்கி எறிங்க. நான் வந்து பாக்கறேன்."

சொன்னபடி வந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. சான்றிதழும் வந்தது, வெளிக் கம்பெனியும் வரவில்லை. விக்னேஸ்வரன் அதே மருத்துவமனையில்தான் இன்றும் இருக்கிறார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். போன வாரம் லோகேஸ்வரி வரவேற்பறைச் சுவரைக் காட்டி, "அண்ணே, அந்தச் சர்டிபிகேட்ட எல்லாரும் பாக்குற மாதிரி இங்க மாட்டணுமே, எங்க?" என்று கேட்டார். "வெயில் பட்டா மங்கிரும்மா, பத்திரமா இருக்கு," என்றாராம். இந்த இனத்தைப் பொம்பா வந்தும் அணைக்க முடியாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், நாளைக்கு உங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொள்கிறது. ஈரத் துணி போட்டு மூட வேண்டும் என்று வீட்டில் யாரோ கைக்கு எட்டிய ஒரு துண்டை நனைத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். அப்போது சட்டியையும் பார்க்காமல், தீயையும் பார்க்காமல், அந்தத் துண்டை மட்டும் பார்த்து, "ஐயோ, அது நல்ல துண்டு! பழசு கீழ இருக்கு, அத எடு!" என்று ஒரு குரல் கேட்கும். அது யார் குரலாக இருக்கும் என்று உங்கள் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார்கள்.